1864-ல் சீனாவுக்குள் வந்த சட்டப் புத்தகம்: கொடுத்ததா, எடுத்துக்கொண்டதா?

பழுப்பேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சீன வரலாறு பற்றி எதை எடுத்துப் படித்தாலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: "மேற்கின் சர்வதேசச் சட்டத்தைச் சீனாவுக்கு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கப் பாதிரியார் டபிள்யூ. ஏ. பி. மார்ட்டின்." அவ்வளவுதான், அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், பிறகு பேசலாம்.

1864-ல் ஐரோப்பாவில் பிரஷ்யாவுக்கும் டென்மார்க்குக்கும் போர். அதே வருடம் பீகிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) புதிய பிரஷ்யத் தூதராக ரெஃபூஸ் என்பவர் போர்க்கப்பலில் வந்து சேர்ந்தார். தியென்சினுக்கு வெளியே தாகு கடற்பகுதியில் 3 டேனிஷ் வணிகக் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. எதிரி நாட்டுக் கப்பல்தானே என்று மூன்றையும் பிடித்துவிட்டார்.

சீனா அப்போது இரண்டு அபினிப் போர்களில் அடிவாங்கிய நாடு. தலைநகருக்குள் அந்நியப் படை புகுந்து கோடைகால அரண்மனையைக் கொளுத்தி 4 வருடம்தான் ஆகியிருந்தது. வெளியுறவைக் கவனிக்க 1861-ல் தொடங்கிய சோங்லி யாமென் என்ற அலுவலகம் இளவரசர் கோங் தலைமையில் இருந்தது. அவர் தூதரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். இது சீனாவின் கடல், உங்கள் சண்டையை இங்கே நடத்த உங்களுக்கு அதிகாரம் கிடையாது, முதலில் கப்பல்களை விடுங்கள் என்று எழுதினார். விட்டார்கள். 1,500 டாலர் இழப்பீடும் கொடுத்தார்கள்.

கரையோரக் கடல் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்ற வாதத்துக்கு ஆதாரம் எங்கே கிடைத்தது? அப்போது அவர்கள் கையில் இருந்த மொழிபெயர்ப்பில்தான். அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹென்றி வீட்டன் 1836-ல் எழுதிய சர்வதேசச் சட்ட நூலை மார்ட்டின் சீனத்தில் பெயர்த்திருந்தார். 'வான்குவோ கோங்ஃபா', அதாவது 'எல்லா நாடுகளின் பொதுச்சட்டம்' என்று பெயர். அந்த ஆகஸ்டில் இளவரசர் கோங் அரசவைக்கு எழுதிய விண்ணப்பத்தில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: அந்தப் புத்தகத்தின் வாசகங்களை, அதிலிருந்து எடுத்தது என்று காட்டிக்கொள்ளாமல் பயன்படுத்தினோம், பிரஷ்யத் தூதர் மறுபேச்சின்றித் தவற்றை ஒப்புக்கொண்டார். அச்சுச் செலவுக்கு 500 தேல் (சீன எடை அளவு) வெள்ளி கொடுக்கப்பட்டது. 300 பிரதிகள் மாகாண அதிகாரிகளுக்குப் போயின.

என் கேள்வி இதுதான். ஒரு புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்பே அதை வாதத்துக்கு எடுத்து, எதிராளிக்குத் தெரியாமலே வென்றவர்களை 'அறிமுகப்படுத்தப்பட்டவர்கள்' என்று சொல்வது நியாயமா?

மேகலை_வாசகி எழுதியது:

அண்ணா, நீங்கள் 1864-ல் தொடங்கிவிட்டீர்கள். 25 வருடம் பின்னால் போக வேண்டும்.

1839, காண்டன் நகரம். அபினியை ஒழிக்கப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் ஸெஷூ அங்கே வந்திருக்கிறார். வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்து ஆங்கிலேய வணிகர் வழியாக வந்த அபினி அது. 20,000 பெட்டிகளுக்கு மேல் பறிமுதல் செய்து, ஹூமென் கடற்கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். எரித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு.

அப்படிச் செய்யும் மனிதர் கூடவே இன்னொரு வேலையும் பார்த்தார். வெளிநாட்டாருடைய சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினார். சுவிட்சர்லாந்துக்காரர் வாட்டெல் 1758-ல் எழுதிய நாடுகளின் சட்டம் பற்றிய நூலிலிருந்து சில பகுதிகளை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி அமெரிக்க மருத்துவப் பாதிரியார் பீட்டர் பார்க்கரிடம் கேட்டார். எந்தப் பகுதிகள் என்று பாருங்கள்: ஓர் அரசு அந்நியச் சரக்கைத் தடைசெய்யலாமா, கள்ளச்சரக்கைப் பறிக்கலாமா, போர் எப்போது தொடுக்கலாம். தனக்கு என்ன தேவை என்று தெரிந்து கேட்டிருக்கிறார்.

பார்க்கரின் மருத்துவமனைப் பதிவேட்டில் லின் 6565-ஆம் நோயாளி. குடலிறக்கம். லின் நேரில் வரவே இல்லை, ஆள் அனுப்பினார். பார்க்கர் இடுப்பில் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஒரே மருத்துவரிடம் உடம்புக்குப் பட்டையும் நாட்டுக்குச் சட்டமும் கேட்டு வாங்கிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

பார்க்கரின் மொழிபெயர்ப்பு கரடுமுரடானது, பல இடங்களில் அர்த்தமே பிடிபடாது. அதே பகுதிகளில் சிலவற்றை யுவான் தேஹுயி என்ற சீனரும் பெயர்த்தார், அது எவ்வளவோ தேவலாம். இரண்டும் பிறகு வெய் யுவான் தொகுத்த கடல்கடந்த நாடுகள் பற்றிய பெருநூலில் சேர்ந்தன.

பினாங்குக்காரி எழுதியது:

மேகலை அக்கா, யுவான் தேஹுயி எங்கள் ஊர்ப் பக்கம் படித்தவர்! பினாங்கில் கத்தோலிக்கப் பள்ளியில் லத்தீன், அப்புறம் மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கல்லூரி. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் இந்தப் பெயரை ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பினாங்கு, மலாக்கா போன்ற நீரிணைக் குடியேற்றங்களில் மொழி கற்ற ஒருவர் போய்ச் சீனப் பேரரசின் ஆணையருக்கு ஐரோப்பியச் சட்டம் படித்துச் சொன்னார் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

தென்கடலான் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் முடிவு என்ன ஆனது? லின் வாட்டெலைப் படித்தார், பிரிட்டன் பீரங்கியோடு வந்தது. 1842-ல் நான்கிங் ஒப்பந்தம், ஹாங்காங் போயிற்று. 1843-ல் பிரிட்டனோடு துணை ஒப்பந்தம்: வேறு எந்த நாட்டுக்குப் புதிய சலுகை கொடுத்தாலும் அது பிரிட்டனுக்கும் தானாக வந்துசேரும். 1844-ல் வாங்ஷியா ஒப்பந்தம்: அமெரிக்கக் குடிமகன் சீனாவில் குற்றம் செய்தாலும் அமெரிக்கத் தூதரக அதிகாரிதான் விசாரிப்பார். எல்லாமே சட்டத்தின் பெயரால் நடந்தது.

வீட்டனின் நூலிலேயே என்ன இருக்கிறது? இந்தப் பொதுச்சட்டம் ஐரோப்பாவின் நாகரிக, கிறிஸ்தவ மக்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான், சில சிறு விலக்குகள் தவிர என்று அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் 'எல்லா நாடுகளின் பொதுச்சட்டம்' என்று சீனத்தில் பெயர் வைத்தால் அது மொழிபெயர்ப்பா? உள்ளே சேர்க்காத ஆளுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வதுபோல இருக்கிறது. 3 டேனிஷ் கப்பல்களை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது. பிரஷ்யா அன்றைக்குக் கிழக்கில் பெரிய சக்தி இல்லை. அதே இடத்தில் பிரிட்டிஷ் கப்பல் இருந்திருந்தால் இளவரசர் கோங் அப்படி எழுதியிருப்பாரா?

பழுப்பேடு எழுதியது:

தென்கடலான், கடைசிக் கேள்வி சரியான கேள்வி. எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் தலைப்பு பற்றிச் சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தப் புத்தகம் சீனர் கைக்குப் போவதை மேற்கத்தியத் தூதர்கள் எல்லாரும் விரும்பவில்லை. அமெரிக்கத் தூதர் பர்லிங்கேம் ஆதரித்தார். சுங்கத்துறையில் இருந்த ராபர்ட் ஹார்ட் அதற்கு முன்பே வீட்டனில் தூதர் உரிமை பற்றிய பகுதிகளைத் தானே பெயர்த்து யாமெனுக்குக் கொடுத்திருந்தார். ஆனால் பிரெஞ்சுத் தூதரகப் பொறுப்பாளர் க்ளெச்கோவ்ஸ்கி கொதித்துப்போனார். நம் சட்டத்தின் உள்விவகாரத்தைச் சீனர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் இந்த ஆள் யார், இவன் கழுத்தை நெரிக்க வேண்டும், நமக்கு ஓயாத தொல்லை வரும் என்ற பொருளில் அவர் பேசியதாக மார்ட்டினே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். கதவு வெறும் படம் என்றால் அவருக்கு ஏன் அவ்வளவு பதற்றம்?

இன்னொன்று. 1863 நவம்பரில் மார்ட்டின் கையெழுத்துப் பிரதியோடு யாமெனுக்குப் போனார். அமைச்சர் வென்ஷியாங் கேட்ட முதல் கேள்வி, அந்த 24 பகுதிகள் இதில் இருக்கிறதா என்பது. ஹார்ட் பெயர்த்துக் கொடுத்தவற்றைத்தான் கேட்கிறார். இருக்கிறது என்றதும், வெளிநாடுகளுக்கு நாங்கள் தூதர் அனுப்பும்போது இது எங்களுக்கு வழிகாட்டும் என்றாராம். ஏற்கெனவே வாசித்து, மிச்சத்துக்காகக் காத்திருந்தவரின் கேள்வி அது.

அது மட்டுமா, மார்ட்டின் தனியாக எதையும் பெயர்க்கவில்லை. ஹே ஷிமெங், லி தாவென், ஜாங் வெய், சாவ் ஜிங்ரோங் என்று 4 சீனர்கள் அவரோடு உட்கார்ந்தார்கள். பிறகு யாமென் தன் பக்கத்திலிருந்து 4 அதிகாரிகளைக் கொடுத்து ஏறக்குறைய அரை வருடம் திருத்தியது. அந்த எட்டுப் பேரை எந்த ஒற்றை வரியும் சொல்வதில்லை. என் உறுத்தல் அங்கேதான் இருக்கிறது.

சொற்கிடங்கு எழுதியது:

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள். அரசியலை நீங்கள் பேசுங்கள், எனக்குச் சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ரைட்' என்று ஒரு சொல். வீட்டனின் நூலில் பக்கத்துக்குப் பக்கம் வரும். சீனத்தில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. அந்த எட்டுப் பேரும் மார்ட்டினும் 'ச்சுவான்லி' என்ற சொல்லைப் பிடித்தார்கள். பழைய நூல்களில் இருந்த சொல்தான், ஆனால் அங்கே அதன் பொருள் அதிகாரமும் ஆதாயமும். 'ச்சுவான்' என்றால் அதிகாரம், எடைபோடுதல். 'லி' என்றால் லாபம். கன்பூசிய மரபில் லி என்பது நல்லவன் தேடக் கூடாத ஒன்று. கன்பூசிய அறிஞர் மென்சியஸின் நூலின் தொடக்கமே அதுதான்: என் நாட்டுக்கு என்ன லாபம் கொண்டுவந்தீர் என்று கேட்கும் அரசனிடம், ஏன் லாபத்தைப் பேச வேண்டும், அன்பும் அறமும் போதுமே என்கிறார் மென்சியஸ். அந்த 'லி'யைக் கொண்டுபோய் 'ரைட்' என்பதற்கு வைத்தால் வாசகருக்கு எப்படி இருந்திருக்கும்!

மார்ட்டினுக்கே இது தெரிந்திருந்தது. பின்னால் 1877-ல் வந்த இன்னொரு சட்ட நூல் மொழிபெயர்ப்பின் முன்பகுதியில் விளக்கம் சொல்கிறார்: ச்சுவான் என்பது அதிகாரியின் அதிகாரம் மட்டுமில்லை, சாதாரண மனிதனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பங்கும்தான், சொல் முதலில் கண்ணுக்கு உறுத்தும், ஆனால் வேறு வழி இல்லை என்ற பாங்கில். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது எழுத நினைத்த குறிப்பு அது. நானும் நினைத்திருக்கிறேன்.

நமக்கு 'உரிமை' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது, அதிர்ஷ்டம். ஆனாலும் "வினைக்குரிமை நாடிய பின்றை" என்று குறள் சொல்லும்போது அந்த உரிமை ஒரு வேலைக்கு ஒருவன் தகுதியானவன் என்ற பொருளில் வருகிறது, நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் உரிமை இல்லை. பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது எல்லா மொழியிலும் நடக்கிறது. சீனத்தில் அது ஒரே புத்தகத்தில், ஓரிரு வருடத்தில் நடந்தது.

'ஜூச்சுவான்' என்ற சொல்லும் இப்படித்தான். பழைய பொருள் அரசனின் அதிகாரம். இதில்தான் அது நாட்டின் இறையாண்மை ஆயிற்று. இன்றைக்குச் சீன வெளியுறவு அமைச்சகத்தின் எந்த அறிக்கையை எடுத்தாலும் இந்தச் சொல் இருக்கும்.

சட்டக்கல்லூரி_மாணவன் எழுதியது:

சொற்கிடங்கு மேடம் எழுதியதற்கு நன்றி, எங்கள் வகுப்பில் இந்தப் பக்கம் யாரும் தொட்டதே இல்லை.

ஒன்று சேர்க்கிறேன். 1689-ல் ரஷ்யாவும் சீனாவும் நெர்ச்சின்ஸ்க் ஒப்பந்தம் செய்துகொண்டன. சீனத் தரப்பில் பெரெய்ரா, ஜெர்பியோன் என்ற 2 ஜேசுயிட் பாதிரிமார்கள் மொழி பெயர்த்தார்கள். ஒப்பந்தத்தின் மூலப்பிரதி லத்தீன். நாடுகளின் சட்டம் பற்றி பெரெய்ரா தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த மேசையில் இரண்டு தரப்பும் சமமாக உட்கார்ந்தன. அப்படியென்றால் 'சீனாவுக்கு இது புதிது' என்பதே எவ்வளவு தூரம் சரி?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1950-களில் சர்வதேசச் சட்டம் கற்பித்த அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற போலந்துக்காரர் இதை வலியுறுத்தியவர். 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்பு ஆசிய அரசுகளும் ஐரோப்பிய அரசுகளும் சமமாக ஒப்பந்தம் செய்துகொண்டன, பிறகுதான் ஐரோப்பா கதவைச் சுருக்கித் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. தென்கடலான் ஐயா சொன்ன வீட்டனின் வரி அந்தச் சுருங்கிய காலத்து வரிதானே?

தென்கடலான் எழுதியது:

தம்பி, நெர்ச்சின்ஸ்க் நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேசையில் சமம் வந்தது லத்தீனால் இல்லை. பேச்சுவார்த்தைக்குச் சீனா பெரும்படையோடு வந்து நின்றது. நான் சொல்லவருவது அதுதான்.

1876 ஜனவரியில் நடந்த ஓர் உரையாடலைச் சொல்கிறேன். பாவோதிங் ஊரில் சீனாவின் மூத்த அதிகாரி லி ஹோங்சாங்கை ஜப்பானியத் தூதர் மோரி அரிநோரி சந்திக்கிறார். பேச்சு கொரியாவைப் பற்றி. ஒப்பந்தங்கள் வணிகத்துக்குச் சரி, நாட்டின் பெரிய விஷயங்களில் யார் பலசாலி என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் மோரி. இது தவறான பேச்சு, பலத்தை நம்பி ஒப்பந்தத்தை மீறுவதைப் பொதுச்சட்டம் அனுமதிக்காது என்கிறார் லி. பொதுச்சட்டமும் தேவையில்லை என்கிறார் மோரி.

அடுத்த மாதமே ஜப்பான் கொரியாவோடு கங்ஹ்வா ஒப்பந்தம் போட்டது. அதன் முதல் விதி, கொரியா தன்னாட்சி உள்ள நாடு என்பது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் நோக்கம் கொரியாவைச் சீனாவிடமிருந்து பிரிப்பது. பொதுச்சட்டம் தேவையில்லை என்றவர்களே தங்களுக்கு வேண்டிய இடத்தில் அதன் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு 1894 ஜூலை 25. சீனப் படைவீரர் சுமார் 1,100 பேரை ஏற்றிக்கொண்டு கொரியாவுக்குப் போன 'கௌஷிங்' கப்பலை ஜப்பானின் 'நானிவா' போர்க்கப்பல் மூழ்கடித்தது. கௌஷிங் பிரிட்டிஷ் கொடி பறந்த கப்பல். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே போர் அறிவிப்பு அப்போது வரவில்லை. லண்டனில் ஆத்திரம் எழுந்தது. ஆனால் வெஸ்ட்லேக், ஹாலண்ட் என்ற 2 பெரிய சட்ட அறிஞர்கள் ஜப்பான் செய்தது சட்டப்படி சரிதான் என்று எழுதினார்கள், ஆத்திரம் அடங்கிப்போனது. கடலில் செத்த அந்த வீரர்களுக்குப் பொதுச்சட்டத்தில் ஒரு வரி இடம் கிடைத்ததா?

இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மேகலை_வாசகி எழுதியது:

தென்கடலான் ஐயா, கௌஷிங் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. சீனர்களே இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

ஜெங் குவான்யிங் வணிகர், சீர்திருத்தக்காரர். பொதுச்சட்டம் வெறும் நியாயத்தை நம்பியிருக்கிறது, பலமுள்ளவன் அதைக் கொண்டு அடுத்தவனைக் கட்டுகிறான், பலமில்லாதவன் பொறுத்துப் போக வேண்டியிருக்கிறது என்று எழுதினார். நீங்கள் சொன்னதேதான்.

ஷுவே ஃபுசெங் ஐரோப்பாவில் சீனத் தூதராக இருந்தவர். 1892-ல் அவர் எழுதிய கட்டுரை இதைத் திருப்பிப்போடுகிறது. ஆரம்பத்தில் சீன அதிகாரிகளில் சிலர், எங்களுக்கு உங்கள் பொதுச்சட்டம் வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமைதான் சீனாவைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது, வெளியே இருப்பவனுக்கு நேரும் கேடெல்லாம் நமக்கு நேர்ந்தது என்கிறார் ஷுவே. பலமும் பலவீனமும் ஒருபக்கம் இருக்கட்டும், சட்டம் என்று ஒன்று இருந்தால் சின்ன நாடு கொஞ்சமாவது உயிர்பிழைக்கலாம் என்பது அவர் கருத்து.

இருவரும் ஒரே காலத்தவர், ஒரே நாட்டைப் பார்த்து வேதனைப்பட்டவர்கள். நான் ஷுவே பக்கம்தான். ஆனால் ஜெங் சொன்னதை மறந்துவிட்டு இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொரியா, வியட்நாம், ரியூக்யூ எல்லாம் சீனாவுக்குத் திறை செலுத்திய நாடுகள். உள்விவகாரத்தில் சீனா தலையிடாது, ஆனால் மேலாண்மை உண்டு. இந்த உறவு வீட்டனின் எந்தக் கட்டத்திலும் அடங்காது. உன்னுடையதா, தனி நாடா, இரண்டில் ஒன்று சொல் என்று கேட்டபோது சீனாவால் சொல்ல முடியவில்லை. தனக்குக் கேடயமாக எடுத்த புத்தகமே தன் பழைய உலகத்தை அறுத்தது. டேனிஷ் கப்பல்களை மீட்ட சந்தோஷத்தில் யாமெனில் ஒருவரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சொற்கிடங்கு எழுதியது:

ஜப்பான் வந்துவிட்டதால் சொற்களின் பயணத்தையும் முடித்துவிடுகிறேன். 'வான்குவோ கோங்ஃபா' பீகிங்கில் வந்த அடுத்த வருடமே, 1865-ல், ஜப்பானில் மறு அச்சாகிவிட்டது. சீன எழுத்து என்பதால் படித்த ஜப்பானியர் அப்படியே வாசித்தார்கள். ச்சுவான்லி அங்கே 'கென்ரி' ஆயிற்று, ஜூச்சுவான் 'ஷுகென்' ஆயிற்று. சீனாவில் 300 பிரதி மாகாண அலுவலகங்களுக்குப் போன காலத்தில் அங்கே சாமுராய்கள் விலைகொடுத்து வாங்கிப் படித்தார்கள்.

1873-ல் மிட்சுகுரி ரின்ஷோ என்ற ஜப்பானிய அறிஞர், 'பொதுச்சட்டம்' என்ற பெயர் சரியில்லை, நாடுகளுக்கு இடையிலானது என்று வர வேண்டும் என்று 'கோகுசாய்ஹோ' என்ற சொல்லை உருவாக்கினார். 1895-ல் ஜப்பானிடம் சீனா போரில் தோற்ற பிறகு சீன மாணவர்கள் கூட்டங்கூட்டமாக ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள், திரும்பும்போது இந்தச் சொல்லோடு வந்தார்கள். அதுதான் இன்றைய சீனச் சொல்லான 'குவோஜிஃபா'. 'எல்லாருக்கும் பொது' என்ற பொருள் அந்தப் பெயரிலிருந்து போய்விட்டது. அதைக் காலத்துக்கு ஏற்ற திருத்தம் என்பார்கள். எனக்கு அது ஓர் இழப்பாகத்தான் தெரிகிறது.

பினாங்குக்காரி எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. மார்ட்டின் கடைசியில் என்ன ஆனார்?

பழுப்பேடு எழுதியது:

நல்ல கேள்வி, கொஞ்சம் வருத்தமான பதில்.

1869-லிருந்து பீகிங் மொழிக்கல்லூரியான தோங்வென்குவானின் தலைவராக இருந்தார். அங்கிருந்து இன்னும் பல சட்ட நூல்கள் மாணவர்களோடு சேர்ந்து வந்தன. ஒன்று சொல்ல வேண்டும்: பழைய சீனாவிலேயே, பல அரசுகள் அருகருகே இருந்த 'வசந்த-இலையுதிர் காலம்' என்ற பண்டைக் காலத்தில், அந்த அரசுகளுக்கு இடையே, நாடுகளின் சட்டம் போன்ற ஒன்று இருந்தது என்று 1881-ல் பெர்லினில் நடந்த கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினார். 'வான்குவோ கோங்ஃபா'வின் முன்னுரையில் ஜாங் ஸிகுய் என்ற சீனரும் அன்றைய உலகத்தை அதே வசந்த-இலையுதிர் காலத்தோடு ஒப்பிட்டிருந்தார். சீன வாசகருக்கு அந்தப் புத்தகம் அந்நியமாகப் படாமல் போனதற்கு இந்த ஒப்பீடு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1900-ல் அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சி. தூதரகப் பகுதி ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 14 வரை முற்றுகையில் இருந்தது. 73 வயது மார்ட்டின் உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே வந்த பிறகு அவர் எழுதியவற்றில் ஒரு யோசனை இருக்கிறது: அமெரிக்கா ஹாய்னான் தீவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டின் நிலமும் கடலும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்பதைச் சீன மொழியில் எழுதிக்கொடுத்தவர் அவர். 1916-ல் பீகிங்கிலேயே இறந்தார்.

தென்கடலான் எழுதியது:

ஹாய்னான் விஷயம் எனக்குத் தெரியாது. என் வாதத்துக்கு அது உதவும்தான், ஆனால் அதை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. 36 வருடம் முன்பு கையெழுத்துப் பிரதியோடு யாமெனுக்குப் போன அதே மனிதர் என்று நினைக்கும்போது கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பக்கத்துக்கு நானே ஒன்று தருகிறேன். 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டில், சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஜெர்மனிக்கு இருந்த சலுகைகளை வல்லரசுகள் ஜப்பானுக்கு மாற்றிக்கொடுத்தன. சீனத் தரப்பில் வாதாடியவர் கு வெய்ஜுன், 31 வயது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சீனாவில் வெளிநாட்டாரின் சட்டநிலை பற்றி ஆராய்ச்சி செய்து 1912-ல் முனைவர் ஆனவர். வாதம் எடுபடவில்லை. ஆனால் ஜூன் 28-ஆம் தேதி வெர்சாய் ஒப்பந்தத்தில் சீனா கையெழுத்துப் போடவில்லை. வந்திருந்த நாடுகளில் அப்படி மறுத்தது சீனா மட்டும்தான். கு பிற்காலத்தில் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் 1957 முதல் 10 வருடம் நீதிபதியாக இருந்தார்.

சட்டக்கல்லூரித் தம்பி, அலெக்ஸாண்ட்ரோவிச் எழுதியவை சென்னையில் எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? நான் நேரில் போய்ப் படிக்க வேண்டும்.

சட்டக்கல்லூரி_மாணவன் எழுதியது:

கண்டிப்பாக ஐயா. திங்கட்கிழமை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறேன், பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.